‘ஒண்ணுமில்ல மேடம்’ என்பவரிடம் அடுத்து என்ன கேட்பது? ஆண்களுக்கு மனநல ஆலோசனை தருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கம் கவுன்சலர்களுக்கும் மனநலச் சமூகப் பணியாளர்களுக்கும், ஆண்களுக்கு ஆலோசனை தருவது எப்படி என்று சில வருடங்களாகப் பயிற்சி நடத்துகிறேன். ஊர் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. அரங்கில் கை தூக்கிக் கேட்பதைவிட டீ இடைவேளையில் மெதுவாக வந்து கேட்பதுதான் நிஜமான சந்தேகம். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணங்களில் வரும் ஆட்களின் தொழில், வயது, ஊர் எல்லாம் அடையாளம் தெரியாதபடி மாற்றப்பட்டவை.

1. “ஆம்பளைங்களுக்குன்னு தனியா ஒரு பயிற்சியா? மனசு எல்லாருக்கும் ஒண்ணுதானே சார்?”

மனசு ஒன்றுதான். அதிலிருக்கும் கஷ்டம் வெளியே வரும் வாசல்தான் வேறு. சுவீடனில் காட்லாண்ட் என்றொரு தீவு இருக்கிறது. 1983-84இல் அங்கிருந்த பொது மருத்துவர்களுக்கு, மனச்சோர்வைக் கண்டுபிடித்து வைத்தியம் பார்ப்பது எப்படி என்று பயிற்சி கொடுத்தார்கள். தீவில் தற்கொலைகள் குறைந்தன. பிறகு வோல்ஃப்காங் ரூட்ஸ் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவும் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, குறைந்தது பெரும்பாலும் பெண்களின் தற்கொலை என்று தெரிந்தது. ஆண்களின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே நின்றது. அழுகை, சோகம், குற்றவுணர்ச்சி என்று வந்தவர்களை மருத்துவர்கள் அடையாளம் கண்டார்கள். எரிச்சலும் சண்டையும் குடியுமாக இருந்த ஆண்கள் ஆஸ்பத்திரிக்குத் தெரியாதவர்களாக இருந்தார்கள், போலீசுக்குத்தான் தெரிந்திருந்தார்கள்.

நம் கணக்கையும் பாருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் ஆண்கள் 1,22,724. பத்தில் ஏழு. தமிழ்நாட்டின் பங்கு 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். நம் கவுன்சலிங் அறைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்களா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

2. “வந்தாத்தானே பேச முடியும்? அவங்க வர்றதே இல்லையே.”

வருகிறார்கள். மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை, அவ்வளவுதான். வயிறு எரிகிறது, தூக்கம் வரவில்லை, நெஞ்சு அடைக்கிறது, பி.பி. ஏறிவிட்டது என்று ஓ.பி. சீட்டு வாங்கி நிற்கிறார்கள். குடியை நிறுத்த மாத்திரை கேட்டு வருகிறார்கள்.

கோவாவில் சங்கத் என்ற மனநலத் தொண்டு அமைப்பு நடத்திய இரண்டு ஆய்வுகள் 2017இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தன. ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசனை தரச் செய்தார்கள். மனச்சோர்வுக்கான ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குடிக்கான ஆய்வு ஆண்களை மட்டுமே சேர்த்தது, 377 பேர். ஒரே மாநிலம், ஒரே மாதிரி சுகாதார நிலையங்கள். குடியைப் பற்றிப் பேச ஆண்கள் அங்கே கிடைத்தார்கள். உங்கள் அறைக்கு வெளியே என்ன பலகை தொங்குகிறது? ‘மனநல ஆலோசனை மையம்’ என்ற பலகைக்குக் கீழே பக்கத்துத் தெருக்காரர் பார்க்க உட்கார யாருக்கு மனம் வரும்? ‘தூக்கம், டென்ஷன், குடிப் பிரச்சினைக்கு இங்கே பேசலாம்’ என்று எழுதிய ஒரு நிலையத்தில் ஆண்கள் பெஞ்சு நிரம்பியதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படி வந்தவர்கள் நிலைக்கிறார்களா என்பது அடுத்த கவலை. ஆஸ்திரேலியாவில் சுமார் 2,000 ஆண்களிடம் கேட்ட ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. சிகிச்சைக்குப் போனவர்களில் கிட்டத்தட்ட 45% பேர் பாதியில் நின்றிருந்தார்கள். அவர்கள் அதிகம் சொன்ன காரணம், ‘அந்த ஆளோடு எனக்கு ஒட்டவில்லை.’ அந்தப் புகார் நம்மைப் பற்றியது. பயிற்சி நமக்கு எதற்கு என்பதற்கு எனக்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டியிருக்கவில்லை.

3. “எதைக் கேட்டாலும் ‘ஒண்ணுமில்ல மேடம்’ங்கிறார். அடுத்து என்ன கேக்குறது?”

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பயிற்சியின் முதல் அரை நாளில் ‘ஃபீல்’ என்ற சொல்லுக்குத் தடை போடுவேன். “எப்படி ஃபீல் பண்றீங்க?” என்பது பாடப்புத்தகத்திலிருந்து இறங்கிய கேள்வி. வீட்டிலோ வேலையிலோ அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. தெரியாத பாடத்தில் பரீட்சை வைத்தால் பேப்பரை வெள்ளையாகத்தான் கொடுப்பார். ‘ஒண்ணுமில்ல’ என்பது அந்த வெள்ளைப் பேப்பர்.

அவருக்கு நன்றாகத் தெரிந்த பாடம் அவருடைய நாள், வேலை, உடம்பு. அங்கிருந்து தொடங்குங்கள். காலையில் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது? விழித்ததும் முதலில் எது ஞாபகத்துக்கு வருகிறது? வேலை முடிந்தால் நேராக வீட்டுக்கா, எங்காவது நின்றுவிட்டா? சாப்பாடு முன்னே மாதிரி இறங்குகிறதா? ஆட்டோ ஓட்டும் ஒருவர் இரண்டு செஷன் ‘ஒண்ணுமில்ல’ என்றே ஓட்டினார். மூன்றாவதில் எங்கள் கவுன்சலர், “கடைசியா வண்டியைக் கழுவினது எப்போ?” என்று கேட்டார். அவர் கொஞ்சநேரம் தரையைப் பார்த்துவிட்டு, “நாலு மாசமாச்சு” என்றார். தினமும் வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்துவிட்டுக் கிளம்புகிற மனிதர். மனச்சோர்வு என்ற சொல்லைச் சொல்லாமலே அதன் கதை முழுக்க வெளியே வந்தது.

உட்காரும் விதத்தையும் சொல்ல வேண்டும். நேருக்கு நேர் நாற்காலி போட்டுக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். சற்றுப் பக்கவாட்டில் உட்காருங்கள். கையில் ஒரு டீ கிளாஸ் இருந்தால் நல்லது. நம் ஊர் ஆண்கள் பெரிய விஷயங்களைப் பேசுவது வண்டி ஓட்டும்போதும் டீக்கடை பெஞ்சிலும்தான். இரண்டிலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

4. “முதல் செஷன்ல கேஸ் ஹிஸ்டரி எடுக்கவே நேரம் போயிடுது. வேற என்னதான் செய்யணும்?”

ஹிஸ்டரி படிவத்தைப் பாதியில் நிறுத்தினாலும் பரவாயில்லை. அவர் வெளியே போகும்போது கையில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்: இன்று இரவு தூக்கத்துக்கு என்ன செய்து பார்ப்பது, கோபம் ஏறும்போது எந்த இடத்தில் எழுந்து வெளியே போவது, இப்படிச் சின்னதாக. ‘பேசினோம், ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று போனவர் அரை நாள் கூலியை விட்டு மறுபடி வரமாட்டார்.

இங்கே என்ன நடக்கும், எத்தனை தடவை வர வேண்டியிருக்கும், எவ்வளவு செலவு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மெக்கானிக்கிடம் வண்டி விட்டால் இதைத்தானே முதலில் கேட்போம்? பேசுவது வெளியே போகாது என்பதையும் சொல்லுங்கள். 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்குகளையும் அப்போதே சொல்வதுதான் நேர்மை.

5. “எந்நேரமும் கத்துறார், சாமானைத் தூக்கி எறியுறார். இது டிப்ரஷனா, குணமே அப்படியா?”

‘எப்போதிலிருந்து?’ என்று கேளுங்கள். இருபது வருடமாக இப்படியென்றால் ஒரு கதை. கடை மூடியதிலிருந்து, அப்பா இறந்ததிலிருந்து, பார்த்த வேலை போனதிலிருந்து என்றால் மனச்சோர்வைத் தேடுங்கள். காட்லாண்டில் கற்ற பாடத்தை வைத்து ரூட்ஸ் குழு ஆண்களின் மனச்சோர்வுக்கென்றே ஒரு கேள்விப்பட்டியல் தயாரித்தது. அதில் எரிச்சல், பொறுமையின்மை, களைப்பு, தூக்கமின்மை, அதிகமாகக் குடிப்பது, ஓயாமல் வேலையில் மூழ்குவது எல்லாம் வரும். மனச்சோர்வைக் கண்டறிய நாம் வழக்கமாகக் கொடுக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தில் கோபத்தைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. கோபத்துக்குப் பின்னால் சோர்வு இருக்கிறது என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில், கோபத்தால் அடிபடுகிறவரை மறந்துவிடக் கூடாது. 11ஆம் கேள்வியைப் பாருங்கள்.

6. “குடிக்கிறவர்கிட்ட எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் ஏறமாட்டேங்குது.”

எடுத்துச் சொல்வதுதான் பிரச்சினை. குடியின் கெடுதல் அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், பாட்டிலிலேயே அச்சடித்திருக்கிறது. வீட்டில் மனைவியும் அம்மாவும் மச்சினனும் சொல்லி முடித்துவிட்டார்கள். நாலாவது ஆளாக நாம் எதற்கு?

வில்லியம் மில்லர் 1983இல் எழுதத் தொடங்கிய ஊக்கமூட்டும் நேர்காணல் முறை இதற்காகவே வந்தது. மாற வேண்டிய காரணத்தை நாம் சொல்லாமல் அவர் வாயிலிருந்து வரவைப்பது. “குடி உங்களுக்கு எதுக்கு உதவுது?” என்று முதலில் கேளுங்கள். அதிர்ச்சியாகப் பார்ப்பார். உடம்பு வலி தெரியாது, தூக்கம் வரும், கடன்காரன் ஞாபகம் வராது என்பார். அதற்கப்புறம் “எதைக் கெடுக்குது?” என்று கேட்டால் அவரே பட்டியல் போடுவார். 2ஆம் பதிலில் சொன்ன கோவாவின் குடி ஆய்வு இந்த வழியில் அமைந்ததுதான். அதிகபட்சம் நான்கு அமர்வுகள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஆலோசனை கிடைத்தவர்களில் 36% பேர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 26%. மந்திரம் இல்லை. ஆனால் நான்கு அமர்வுக்கு இது சின்ன விஷயமும் இல்லை.

கை நடுக்கம், வியர்வை, வலிப்பு வரலாறு இருந்தால் ‘இன்னைக்கே நிறுத்திடுங்க’ என்று சொல்லாதீர்கள். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவர்.

7. “ஒரு தம்பி ‘தாது போகுது, உடம்பு உருகுது’ன்னு வந்தான். எனக்குச் சிரிப்பும் வருது, சங்கடமாவும் இருக்கு.”

சிரிப்பை வெளியே காட்டினீர்கள் என்றால் அவன் நேராக ஏதாவது லாட்ஜில் முகாம் போடும் ‘ஆண்மை’ வைத்தியரிடம் போய்ப் பல ஆயிரம் கொடுப்பான். விந்து போனால் சக்தி போய்விடும் என்ற பயத்தை 1960இலேயே மனநல மருத்துவர் என்.என். விக் ‘தாத்’ நோய்க்குறி என்று பெயரிட்டு எழுதினார். சோர்வும் பதற்றமும் உள்ள இளைஞர்களிடம் அடிக்கடி காண்பது இது. உடலியலைப் பொறுமையாக விளக்குங்கள். அதற்கு முன்னால், தூக்கத்தையும் பயத்தையும் கல்யாணப் பேச்சையும் பற்றிக் கேளுங்கள். பெரும்பாலும் விஷயம் அங்கேதான் இருக்கும்.

8. “எனக்கு 24 வயசு. அம்பது வயசு ஆள் ‘உனக்கென்னம்மா தெரியும், கல்யாணம் ஆயிருச்சா?’ங்கிறார்.”

நான் பார்த்ததில் இதற்கு ஆகச் சிறந்த பதில் விருதுநகர்ப் பக்கம் ஒரு பெண் சொன்னது: “இல்ல சார். நான் கடனும் வாங்கினதில்ல, லாரியும் ஓட்டினதில்ல. அதெல்லாம் நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்.” அந்த மனிதர் சிரித்துவிட்டார், பேசவும் தொடங்கிவிட்டார். பட்டத்தைக் காட்டிச் சண்டை போடவும் இல்லை, குனிந்து போகவும் இல்லை.

எப்படிக் கூப்பிடுவது என்பதில் யோசனை வேண்டும். ‘அண்ணே’ என்றால் பாசம் உடனே வரும். ஆனால் தங்கையிடம் எந்த அண்ணனும் படுக்கையறைப் பிரச்சினையைச் சொல்லமாட்டார். தங்கை முன்னால் அழவும் யோசிப்பார். ‘அப்பா’ இன்னும் மோசம். ‘சார்’ என்று தொடங்கி, “எப்படிக் கூப்பிட்டா உங்களுக்குச் சரியா இருக்கும்?” என்று கேட்டுவிடுங்கள். கூலி வேலை செய்பவரை ‘சார்’ என்றால் சிலர் நிமிர்ந்து உட்காருகிறார்கள். வேறு எங்கேயும் அவருக்கு அது கிடைப்பதில்லை.

9. “அப்போ ஆம்பளை கவுன்சலரே பார்த்தா நல்லதில்லையா?”

அவர் கேட்டால், இருந்தால், ஏற்பாடு செய்யுங்கள். கட்டாயமில்லை. பெண்ணிடம் பேசத்தான் எளிதாக இருக்கிறது என்று சொல்லும் ஆண்களும் நிறைய. ஆண் கவுன்சலருக்கென்றே ஒரு தனி வியாதி உண்டு; கடைசிக் கேள்வியில் வருகிறேன்.

10. “தற்கொலை எண்ணம் இருக்கான்னு நேரா கேக்கலாமா? கேட்டா நாமளே ஐடியா கொடுத்த மாதிரி ஆயிடாதா?”

ஆகாது. கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பெரும்பாலும் பாரம் இறங்குகிறது. சுற்றி வளைக்காமல், “செத்துரலாம்னு தோணியிருக்கா?” என்றே கேளுங்கள். ‘தப்பா எதுவும் யோசிக்கலையே?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற பதிலை நீங்களே வாயில் ஊட்டிவிடுகிறீர்கள். சமீபத்தில் கடன், வேலை இழப்பு, பிரிவு, ஊர் முன்னால் அவமானம், கூடவே குடி என்றால் அவர் சிரித்துப் பேசினாலும் கேட்டே ஆக வேண்டும். 2022இல் தற்கொலையால் இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள்.

‘சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடுமா?’ என்று அவர் பயப்படலாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதச் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இல்லை. ஆபத்து இருந்தால் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். நம்பும் ஒருவரை அவரே சொல்லச் சொல்லி வரவழையுங்கள், மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். கிராமத்தில் பூச்சிமருந்து வீட்டில் இருக்கிறதா என்று கேட்டு, வெளியே வைக்கச் செய்யுங்கள். காட்டுமன்னார்கோவில் பக்கக் கிராமங்களில் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா பொதுப் பெட்டகம் வைத்து மருந்துகளைப் பூட்டிய முயற்சி நமக்கு முன்னோடி. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416. இரவிலும் பேசலாம், கட்டணமில்லை. சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள், அவர் போனிலேயே பதிந்து கொடுங்கள்.

11. “வீட்ல பொண்டாட்டிய அடிக்கிற ஆளுக்கு நாம ‘உம்’ கொட்டிக் கேட்டா, அதை நியாயப்படுத்துற மாதிரி ஆகாதா?”

இந்தச் சங்கடம் உங்களுக்கு இருப்பதே நல்லது. அவர் மேல் அக்கறை வைக்கலாம், அடிக்கு வேறு பெயர் வைக்கக் கூடாது. ‘கொஞ்சம் கை நீண்டுருச்சு’ என்று அவர் சொன்னால், “அடிச்சீங்க. எங்க, எதால? பிள்ளைங்க பார்த்துட்டு இருந்தாங்களா?” என்று கேளுங்கள். சத்தம் உயர வேண்டாம், சொல் மழுங்கவும் வேண்டாம். ‘குடிபோதையில் தெரியாம’ என்பவரிடம், அதே போதையில் டாஸ்மாக் பாரில் இருந்த ரவுடியை ஏன் அடிக்கவில்லை என்று கேட்ட கவுன்சலர் உண்டு. கொஞ்சம் துணிச்சல் வேண்டும், உறவு ஏற்பட்டபின் மட்டும்.

இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துச் ‘சமாதானம்’ பேசாதீர்கள். அறையில் அவர் மனைவி சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழும். மனைவியை இன்னொரு பணியாளர் தனியாகப் பார்க்கட்டும். 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தையும் 181 உதவி எண்ணையும் அவருக்குச் சொல்லட்டும்.

12. “மனைவிதான் இழுத்துட்டு வந்தாங்க. இவருக்கு விருப்பமே இல்ல. யார் நமக்கு கிளையண்ட்?”

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்தான். அவரிடமே ஒப்புக்கொள்ளுங்கள்: “உங்களுக்கு இங்க வர விருப்பமில்லன்னு தெரியுது. வந்ததுக்கு அரை மணி நேரத்தை உங்களுக்குப் பிரயோசனமா ஆக்கலாமா?” மனைவியின் புகார்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள். அவர் கோணத்தில் பிரச்சினை ‘அவ தொணதொணப்பு’ என்றால், அது குறைய என்ன வேண்டும் என்பதிலிருந்து தொடங்கலாம்.

மனைவி போன் செய்து, “நான் சொன்னேன்னு சொல்லாதீங்க” என்று ரகசியம் சொல்வார். அவர் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதென்றால் 11ஆம் பதில். மற்றதற்கு, ரகசியம் வாங்கி வைக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

13. “‘ஆம்பளை அழக்கூடாது’ங்கிற நினைப்பை உடைக்கிறதுதானே சார் இந்த வேலையே?”

உடைப்பது என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2018இல் ஆண்களோடும் சிறுவர்களோடும் வேலை செய்வதற்கான வழிகாட்டி வெளியிட்டபோது, ‘ஆண்மையையே நோயாக்குகிறார்கள்’ என்று பெரிய சண்டை நடந்தது. ஆவணத்தில் பயனுள்ளவை நிறைய உண்டு. ஆனாலும் அந்தச் சண்டையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது: வந்திருப்பவரிடம், நீ வளர்ந்த விதமே தப்பு என்று தொடங்கினால் அவர் காது மூடிவிடும்.

குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற பிடிவாதம் அவரைத் தூங்கவிடாமல் செய்கிறது. அதே பிடிவாதம்தான் அவரை உங்கள் அறை வரைக்கும் கொண்டுவந்தது. “இத்தனை பேரைச் சுமக்கிறீங்க. நீங்க விழுந்தா என்ன ஆகும்?” என்பது அவருக்குப் புரியும் பேச்சு. அழுவது கட்டாயமில்லை. அழாமலே குணமானவர்களைப் பார்த்திருக்கிறேன்.

14. “ரெண்டு செஷன் வந்தார், நின்னுட்டார். விட்டுடலாமா?”

ஒரு போன் செய்யுங்கள். குற்றம் சாட்டும் குரல் வேண்டாம். “நான் ஏதாவது சரியாச் செய்யலையா?” என்று கேட்டால் பாதிப் பேர் உண்மையைச் சொல்வார்கள். பல சமயம் காரணம் நேரம்தான்: நம் மையம் காலை பத்து முதல் ஐந்து, அவர் வேலையும் அதே பத்து முதல் ஐந்து. வாரத்தில் ஒருநாள் மாலை ஏழு வரை திறந்துவைக்க முடிந்தால், எந்த நுட்பத்தையும்விட அது வேலை செய்யும்.

15. “ரெண்டு நாள் வொர்க்‌ஷாப் போட்டா போதுமா?”

போதாது. காட்லாண்டிலேயே பயிற்சியின் பலன் சில வருடங்களில் தேய்ந்துபோனது. மறுபடி மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆண்களின் உடல், மன நலத்துக்காக இயங்கும் மோவெம்பர் அமைப்பு சிகிச்சையாளர்களுக்காக ‘மென் இன் மைண்ட்’ என்ற இணையவழிப் பயிற்சியை வைத்திருக்கிறது; ஆங்கிலம் வசதிப்படுபவர்கள் பார்க்கலாம். ஆனால் அதில் மச்சினனும் மாமனாரும் கந்துவட்டியும் வரமாட்டார்கள். நம் ஆட்களின் பேச்சு நம் ரோல் பிளேயில்தான் வரும்.

எனக்கு நம்பிக்கை உள்ள வழி, கோவாவில் செய்தது: ஆலோசனை பெறுபவரின் சம்மதத்தோடு செஷனை ஒலிப்பதிவு செய்து, சக கவுன்சலர்கள் சேர்ந்து கேட்டு மதிப்பெண் போடுவது. முதல் தடவை தன் குரலைக் கேட்கும்போது எல்லோருக்கும் கூசும்.

16. “அவர் பேசப் பேச எங்கப்பா ஞாபகம் வந்து எனக்குக் கோபம் வருது. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா?”

லாயக்குதான். கோபம் வருவதைக் கவனித்துவிட்டீர்களே. அதை மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். தாங்கவில்லையென்றால் அந்த ஒருவரை இன்னொருவரிடம் மாற்றுவதில் வெட்கமில்லை.

ஆண் கவுன்சலரின் வியாதி என்றேனே, அது எனக்கு உண்டு. என் வயதுக்காரர் எதிரில் உட்கார்ந்தால் நான் நண்பனாகிவிடுவேன், யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவேன். பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவர் கடன் தொல்லை என்று வந்தார். நான் பேப்பர் எடுத்து, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எதை முதலில் அடைப்பது என்று கணக்கே போட்டுக்கொடுத்தேன். நல்ல செஷன் என்று நினைத்துக்கொண்டேன். ஒலிப்பதிவைக் கேட்ட என் மேற்பார்வையாளர் அக்கா, “இருபத்தோரு நிமிஷம் வட்டி பேசியிருக்கே தம்பி. அவர் மூணு தடவை ‘செல்வி இருந்தப்போ’ன்னு சொல்றார். செல்வி யாருன்னு நீ ஒரு தடவைகூடக் கேக்கலையே” என்றார்.

அடுத்த வாரம் அவர் வந்ததும் முதலில் அதைத்தான் கேட்டேன்.